வள்ளல் அழகப்பரும் என் தம்பியின் விண்ணப்பமும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் எழுதியது)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஜோக்ஸ் பகுதியை எலெக்ட்ரிக்கல்காரர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டைதான் என்னை வள்ளல் அழகப்பரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சண்டை இதுதான். என் தம்பி ப்ளஸ் டூ முடித்துவிட்டான். கபடி ஆடுவான், நல்ல ரைடர். உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேரப்போகிறேன் என்று விண்ணப்பம் வாங்கிவந்து அலமாரியில் வைத்தான். அப்பா ஆத்தங்குடியில் கல் போடுகிறவர். பூப்போட்ட தரைக்கல் என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் காலில் படுவதெல்லாம் அதுதான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். மூத்தவன் டிப்ளமோ, இளையவன் விசில் ஊதப் போறானா என்று ஒரே கேள்விதான். அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டான்.

எனக்கும் அப்போது அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது. உண்மையை மறைப்பானேன்! நாம் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்? பி.டி. பீரியடு என்றால் மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிற பீரியடு. அதற்கு ஒரு பட்டம், அதற்கு ஒரு கல்லூரி!

ஆனால் நம்ம காரைக்குடியிலேயே அதற்கு ஒரு கல்லூரி இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் யார் என்று பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி பிறந்தவர் ராம. அழகப்பச் செட்டியார். அப்பா இராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. படிப்பு காரைக்குடி எஸ்.எம்.எஸ். வித்யாசாலையில், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. அந்தக் காலத்தில் வட்டித் தொழிலுக்கும் கடல் கடந்த வியாபாரத்துக்கும் கணக்கு தெரிந்தால் போதும் என்று இருந்த சமூகத்தில், ஒரு பையன் இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கியது பெரிய அதிசயம். அங்கேயும் நிற்கவில்லை. லண்டன் போனார். வங்கியில் பயிற்சி, அதோடு பாரிஸ்டர் படிப்பு. அதுவும் போதாதென்று லண்டன் பக்கத்தில் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். நமக்கு டூவீலர் லைசென்ஸ் எடுக்கவே மூன்று தடவை எட்டுப் போட வேண்டியிருக்கிறது!

திரும்பி வந்ததும் தொழில். மலேயாவில் ரப்பர், ஈயம், கொச்சிச் சீமையில் துணி ஆலை, இன்ஷூரன்ஸ், போர் முடிந்த பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனி. இன்றைக்கும் கேரளத்தில் திருச்சூர் பக்கம் அழகப்பநகர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஆலையால் வந்த பெயர்தான். அவருடைய வியாபாரக் கதையை நான் நீட்டப் போவதில்லை. சம்பாதித்தவர்கள் செட்டிநாட்டில் நிறையப் பேர். அவர் சம்பாதித்ததை என்ன செய்தார் என்பதுதான் கதை.

சென்னையில் கிண்டிப் பக்கம் போனால் ஏ.சி. டெக் என்பார்கள். கெமிக்கல் படிக்கிற நம் நண்பர்களுக்கு அது கனவுக் கல்லூரி. அந்த ஏ.சி. என்பது ஏர் கண்டிஷன் இல்லை, அழகப்பச் செட்டியார்! 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்க ஐந்து லட்ச ரூபாய் கொடுத்தவர் அவர். ஒரு பவுன் நூறு ரூபாய்கூட விற்காத காலத்து ஐந்து லட்சம். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளரவும் ஒரு லட்சம் கொடுத்தார். வெள்ளைக்காரன் கொடுத்த சர் பட்டத்தையும் வாங்கினார். நாடு சுதந்திரம் அடைந்ததும் அதைத் துறந்தும் விட்டார்.

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் பேசினார். அரசாங்கம் மட்டுமே எல்லா ஊரிலும் கல்லூரி திறக்க முடியாது, பணம் படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, காரைக்குடியில் நான் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்று அறிவித்துவிட்டார். அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் கலைக் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டிடம் முடியட்டும், கம்பவுண்டு சுவர் எழும்பட்டும் என்றெல்லாம் காத்திருக்கவில்லை. முள்ளும் பொட்டலுமாய்க் கிடந்த இடத்தில் பிற்பாடு கட்டிடங்கள் எழுந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதி போட்டுப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதுதான் நம்ம செக்ரி, எங்கே அமைவது என்ற பேச்சு வந்தபோது 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு இந்தப் பொட்டலுக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நடுவில் 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி. நம்மில் லேட்டரல் என்ட்ரிக்குக் கனவு காண்கிறவர்கள் கவனியுங்கள்: தமிழ்நாட்டு டிப்ளமோக்காரர்கள் எல்லோரும் இரண்டாம் வருஷ பி.இ. கவுன்சலிங்குக்குப் பல வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது அந்தப் பொறியியல் கல்லூரிக்குத்தான்.

1956-ல் உடற்கல்விக் கல்லூரி.

என்னைச் சுருக்கென்று குத்தியது இந்த வருஷம்தான். ஏனென்றால் அழகப்பர் அப்போது ஆரோக்கியமான மனிதர் இல்லை. இளம் வயதிலிருந்தே நோயோடு போராடியவர். விமானம் ஓட்டிய கை, நாடு நாடாகச் சுற்றிய கால். அந்த உடம்பு நாற்பதைத் தாண்டியதும் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. பத்ம பூஷண் விருது வந்ததும் அதே 1956-ல்தான். விருது வாங்கிய கையோடு ஓய்வெடுக்கலாம் என்று எவரும் நினைப்பார்கள். இவர், ஓடவும் குதிக்கவும் தூக்கவும் முறையாகக் கற்றுக்கொடுக்கிறவர்களை உருவாக்க ஒரு கல்லூரி திறக்கிறார்! தன் உடம்பு தனக்கு உதவாதபோதுதான் உடம்பின் அருமை அவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் நினைப்பு. ஒப்புக்கொள்ளாதவர்கள் கேன்டீனில் வந்து சண்டை போடலாம்.

அந்தக் காலத்தில் உடற்கல்விக் கல்லூரி என்றால் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.தான். 1920-ல் எச்.சி. பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. குவாலியரில் மத்திய அரசு லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் திறந்தது 1957-ல். நம்ம காரைக்குடி அதற்கு ஒரு வருஷம் முந்தி! 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தபோது அந்த உடற்கல்விக் கல்லூரி அதன் உறுப்பாயிற்று. இன்றைக்கும் அங்கே படிப்பு நடக்கிறது. இன்னொரு வேடிக்கை: 2004-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் சென்னைக்குப் பக்கத்து மேலக்கோட்டையூர். அழகப்பர் பிறந்தது கோட்டையூர். ஊர்ப் பெயர் தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்? விசில் ஊதவா? தம்பியைக் கேட்டேன். அவன் ஒரு சீனியரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் தூக்கிப் போட்டான். உடல் இயக்கவியல், அதாவது கினீசியாலஜி. கினீசிஸ் என்றால் கிரேக்க மொழியில் அசைவு. புரட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிப் புத்தகம் நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ்! நெம்புகோல், திருப்புத்திறன், ஈர்ப்பு மையம், உராய்வு. எந்திரத்துக்குப் பதில் எலும்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். கையை மடக்கி ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடியுங்கள். முழங்கை மூட்டுதான் ஆதாரப்புள்ளி. பை தொங்குவது மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி. அதைத் தாங்குகிற பைசெப்ஸ் தசை எலும்பில் ஒட்டியிருப்பதோ சுமார் 5 செ.மீ. தூரத்தில். திருப்புத்திறனைச் சமன் செய்யுங்கள்: தசை இழுக்க வேண்டியது 35 கிலோவுக்குச் சமமான விசை! மூன்றாம் வகை நெம்புகோல், நம்ம சாமணம் மாதிரி. விசையில் நஷ்டம், ஆனால் தசை கொஞ்சம் சுருங்கினால் கை நிறைய நகரும், வேகத்தில் லாபம். கல் எறிகிறவனுக்கும் பந்து வீசுகிறவனுக்கும் அந்த லாபம்தான் பிழைப்பு. இந்தக் கணக்கை முதலில் உடம்பின் மேல் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் இத்தாலியில் 1679-ல் இறந்த பொரெல்லி. எடையைவிடத் தசை பல மடங்கு அதிகமாக இழுக்கிறது என்று அவர்தான் காட்டினார். அவர் புத்தகம் அச்சாகி வந்ததே அவர் கண்ணை மூடிய பிறகுதான்.

கபடியில் ரைடர் ஏன் முழங்காலை மடக்கித் தாழ்ந்து போகிறான்? ஈர்ப்பு மையம் இறங்கினால் பிடித்துச் சாய்ப்பது கடினம். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டை அணைகிறவனும் நிமிர்ந்து நின்றா அணைகிறான்? புத்தகம் படிக்காமலே நம்ம ஆட்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஏன் என்று தெரிந்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம், அடிபடாமலும் செய்யலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் முதுகை வளைத்து மல்லாந்து உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அப்படித் தாண்டினால் உடம்பு கம்பிக்கு மேலே போகும்போதே ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழே போக முடியும்! அதன் பிறகு உலகமே அப்படித்தான் தாண்டுகிறது.

இந்தப் படிப்பு நம்ம பக்கம் தனிப் பட்டமாக அதிகம் இல்லை. உடற்கல்வி, பிசியோதெரபி படிப்புகளுக்குள் ஒரு பாடமாக வரும்; மேற்படிப்பில் ஆழமாகப் போகலாம். வெளிநாட்டில் நிலைமை வேறு. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1967-லேயே இதற்கென்று தனித் துறை வைத்தது. அங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதல், டாக்டர், நர்ஸ் மாதிரி, பதிவு செய்துகொண்டு செய்கிற தொழில் இது.

வேலை? அப்பாவின் கேள்வி அதுதானே. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், கல்லூரியில் பிசிகல் டைரக்டர். இது எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குப் போட்டி அதிகம் என்பதும் தெரிந்ததே. கோச் ஆக வேண்டுமென்றால் 1961-ல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் ஒரு டிப்ளமோ இருக்கிறது. ஆம், டிப்ளமோ! நம்ம இனம்தான். 2011-ல் உலகக் கோப்பை வாங்கிய இந்தியக் கிரிக்கெட் அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன் சென்னைக்காரர். தோனி அடித்த சிக்ஸர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதினைந்து பேரையும் ஓடத் தயாராக வைத்தவரை யாருக்கு ஞாபகம்? பிசியோதெரபிக்கு ப்ளஸ் டூவில் உயிரியல் வேண்டும், தம்பிக்கு அது இல்லை. அந்தக் கதவு அவனுக்கு மூடிவிட்டது. பத்தாவது முடிக்கிற தம்பி தங்கை இருக்கிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இதில் இடம் இருக்கிறது, மெக்கானிக்கல் தோழர்களே! 1968-ல் ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் கால் உருவானபோது, டாக்டர் சேத்தியோடு சேர்ந்து அதைச் செய்தவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். பட்டம் படித்தவர் இல்லை. கை வேலை தெரிந்தவர். கான்பூரில் 1972-ல் அமைந்த அலிம்கோ என்ற அரசு நிறுவனம் செயற்கை உறுப்புகளும் மூன்று சக்கர வண்டிகளும் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2019-ல், உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் அரைஸ் என்ற சக்கர நாற்காலியை வெளியிட்டார்கள். இதற்கெல்லாம் எலும்பும் தசையும் தெரிந்தவன் ஒருவன் வேண்டும், லேத்தும் வெல்டிங்கும் தெரிந்தவன் ஒருவனும் வேண்டும். நானும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தேன்.

அழகப்பர் அந்தக் கல்லூரி முழுதாக வளர்வதைப் பார்க்கவில்லை. 1957 ஏப்ரல் 5-ம் தேதி காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் நாற்பத்தெட்டு நிறைந்திருக்கும். 1947 ஆகஸ்டிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது வருஷம் எட்டு மாசம். நாம் மூன்று டிப்ளமோ முடிக்கிற காலம். அரியர்ஸ் வைத்தால் இரண்டு. அந்தக் காலத்துக்குள் ஒரு பொட்டலைக் கல்லூரிகள் நிறைந்த ஊராக மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் அப்பாவுக்கு அழகப்பர் என்றால் சாமி மாதிரி. அவர் இல்லாவிட்டால் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி வாசலைப் பார்த்திருக்குமா என்று நூறு தடவை சொல்லியிருப்பார். அதனால் நான் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல் பட்டறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அழகப்பர் வரிசையாகத் திறந்த கல்லூரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கலைக் கல்லூரி, டிரெயினிங் காலேஜ், இன்ஜினீயரிங். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் இருந்தபோது அவர் திறந்தது, உங்கள் சின்ன மகன் சேரணும் என்கிறானே, அந்தப் படிப்புக்கான கல்லூரிதான் என்றேன். ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. ஒன்றும் பேசவில்லை. மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டு அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

தம்பியும் வந்திருந்தான். கல்லைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து அடுக்க வேண்டும். அப்பா குனிந்து, கையை நீட்டி, ஏழெட்டுக் கல்லைச் சேர்த்துத் தூக்கினார். இருபது கிலோ இருக்கும். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பல வருஷமாக அப்படித்தான். தம்பி சும்மா இருக்காமல் கரித்துண்டை எடுத்துத் தரையிலேயே படம் போட்டான். முதுகெலும்பிலிருந்து கல் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, முதுகுத் தசை எலும்பை ஒட்டி 5 செ.மீ.க்குள். உடம்பின் சொந்த எடையை விட்டுவிட்டால்கூட அந்தத் தசை இருநூறு கிலோ அளவுக்கு இழுக்கிறது அப்பா என்றான். கல்லை வயிற்றோடு அணைத்து, முழங்காலை மடக்கி எடுத்தால் தூரம் பாதி, பாரமும் பாதி. கணக்கை நான் சரிபார்த்தேன், சரிதான். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமா தூக்குறவனுக்கு நீ சொல்லித் தர்றியா என்று கேட்டுவிட்டு அடுத்த அடுக்கை எடுக்கப் போனார். பழையபடி குனிந்துதான் எடுத்தார்.

இதை எழுதுகிற இன்று புதன்கிழமை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளி. அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பெற்றோர் கையொப்பம் என்ற கோடு காலியாகத்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் பட்டறைப் பக்கம் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில், கல்லை எடுத்து வைக்க இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கரிப் படம் மட்டும் தரையில் அழியாமல் இருந்தது. அதைச் சுற்றித்தான் கூட்டியிருக்கிறார்கள்.